பேசும் யந்திரமா? பிழைப்பைப் பறிக்கும் தந்திரமா?

இனிமேல் டெலிபோன் லைனில் கோளாறு என்றால் ஆளைத் தேடி அலைய வேண்டியதில்லையாம். இன்டர்நெட் பெட்டி அணைந்துவிட்டால் ஆபீஸ் வாசலில் காத்துக் கிடக்க வேண்டியதில்லையாம். கைப்போனை எடுத்து, மனிதனோடு பேசுவது போலவே யந்திரத்தோடு பேசினால் போதுமாம். அது நோயைக் கண்டுபிடித்து மருந்தும் சொல்லிவிடுமாம். 'செயற்கை நுண்ணறிவு உதவியாளர்' என்று இதற்கு நாமகரணம் சூட்டி, முழுப்பக்க விளம்பரங்களும் மந்திரிமார்களின் மேடைப் பிரசங்கங்களும் ஓயாமல் முரசு கொட்டுகின்றன.

கேட்பதற்கு நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் ஜனங்கள் திருப்பிக் கேட்க வேண்டிய கேள்விகள் சில உண்டு. கோளாறைக் கண்டுபிடிக்க யந்திரம் வந்துவிட்டது, சரி. கோளாறைச் சரிசெய்கிற ஆள் எங்கே? அந்த ஆளை வீட்டுக்கு அனுப்பியது யார்? அவரை அனுப்பி மிச்சம் பிடித்த பணம் யாருடைய பெட்டிக்குள் போயிற்று?

சங்கரன்கோவிலில் நடப்பது என்ன?

சங்கரன்கோவில், விசைத்தறியும் பூச்சந்தையும் பீடிச் சுற்றும் கொண்டு பிழைக்கிற ஊர். இங்கே இன்டர்நெட் என்பது பொழுதுபோக்குச் சாமான் அல்ல. 50,000 ரூபாய்க்கு மேற்பட்ட சேலைச் சரக்கு மாநில எல்லையைத் தாண்ட வேண்டுமானால் ஈ-வே பில் வேண்டும். 2018 ஏப்ரல் முதல் இது சட்டம். பீடி சுற்றும் தாய்மார்களின் பிள்ளைகளுக்கு மத்திய சர்க்கார் தரும் ஸ்காலர்ஷிப்புக்கு மனுப் போடுவதும் இன்டர்நெட்டில்தான். ரேஷன் கடையில் கைரேகை வைக்கவும் சிக்னல் வேண்டும். லைன் அறுந்தால் ஏழையின் ஒரு நாள் கூலி அறுந்தது என்று அர்த்தம்.

பஸ் ஸ்டாண்டுக்குச் சமீபத்தில் ஒரு பிரௌசிங் சென்டர். ஸ்காலர்ஷிப் மனுவுக்குக் கடைசித் தேதி நெருங்கிய சமயம். பத்துப் பதினைந்து பீடித் தொழிலாளி பெண்கள், கையில் பீடி அட்டையும் பாங்கிப் பாஸ்புத்தகமுமாகத் திண்ணையில் உட்கார்ந்திருக்கிறார்கள். தண்ணீர்க் குழாய் பதிக்கத் தெருவைத் தோண்டிய இடத்தில் பைபர் ஒயர் அறுந்துவிட்டது. அறுந்த ஒயர் குழிக்குள் கிடப்பதைத் தெருவே வேடிக்கை பார்க்கிறது. கம்பெனிக்குத் தகவல் சொல்ல வேண்டும். போன் செய்தால் ஆள் எடுப்பதில்லை. 'ஆப்பில் எங்கள் உதவியாளரிடம் கேளுங்கள்' என்கிறது பதிவு செய்த குரல்.

கடைக்காரர் கைப்போனில் கேட்டார். பெட்டியை அணைத்து 30 விநாடி கழித்துப் போடச் சொன்னது யந்திரம். போட்டார். சிவப்பு விளக்கு எரிகிறதா என்றது. எரிகிறது. ஒயரைக் கழற்றி மாட்டச் சொன்னது. மாட்டினார். பிரச்னை தீர்ந்ததா என்றது. இல்லை என்றார். மறுபடியும் பெட்டியை அணைத்துப் போடச் சொன்னது! தெருவில் ஒயர் அறுந்து கிடக்கிறது என்று தமிழில் எழுதினார், விளங்கவில்லை என்றது. இங்கிலீஷில் எழுதினார், புதிய பிளான் வாங்க விருப்பமா என்று கேட்டது!

மூன்றாம் நாள் ஒரு லைன்மேன் வந்தார். தோள்பையிலிருந்து கருவியை எடுத்தார். இரண்டு முனைகளையும் சீவித் துடைத்து ஒட்டினார். அரை மணி நேரத்தில் சிவப்பு விளக்கு பச்சையாயிற்று. அவர் கம்பெனியின் ஊழியர் அல்ல. காண்ட்ராக்டரிடம் கோளாறுக்கு இவ்வளவு என்று பேசிக் கூலி வாங்குகிறவர். மோட்டார் சைக்கிள் அவருடையது, பெட்ரோலும் அவருடையது. ஒற்றை ஆளாக எத்தனையோ கிராமங்களைச் சுற்றுகிறார். அந்த மூன்று நாளும் பீடி முறத்தை மடியில் வைக்காமல் திண்ணையில் காத்திருந்த பெண்களின் கூலிக்கு யார் ஜவாப்தாரி? யந்திரமா? காண்ட்ராக்டரா? கம்பெனியின் பேர் இங்கே முக்கியமில்லை. இந்தச் சடங்கை அனுபவிக்காத வாசகர் ஒருவர் இருந்தால் அவர் பாக்கியசாலி.

கம்பெனிக்குத் தெரியாதா?

பாவம், எங்கோ அறுந்த ஒயர் யந்திரத்துக்கு எப்படித் தெரியும் என்று சில நல்லவர்கள் பரிதாபப்படலாம். இங்கேதான் முழுப் புரட்டும் ஒளிந்திருக்கிறது.

எக்ஸ்சேஞ்சில் ஒரு கருவி இருக்கிறது. அதிலிருந்து புறப்படும் கண்ணாடி இழை, வழியில் 32 அல்லது 64 கிளைகளாகப் பிரிந்து வீடுகளுக்கும் கடைகளுக்கும் போகிறது. உங்கள் பெட்டிக்குக் கரண்ட் போனால், அது அணையும் தறுவாயில் 'எனக்குக் கரண்ட் போயிற்று' என்று எக்ஸ்சேஞ்சுக்கு ஒரு செய்தி அனுப்பிவிட்டுத்தான் அணைகிறது. பொறியாளர்கள் அதற்குக் 'கடைசி மூச்சு' என்றே பேர் வைத்திருக்கிறார்கள். இழை அறுந்தாலோ, அந்தச் செய்தி போக வழியில்லை. கடைசி மூச்சு வராமலே பெட்டி மௌனமாகிறது. ஒரே கிளையில் தொங்குகிற பல பெட்டிகள் ஒரே நொடியில் மௌனமானால் ஒயர் அறுந்தது என்று அறிய ஜோசியம் பார்க்க வேண்டியதில்லை. இழைக்குள் வெளிச்சத்தை அனுப்பி, அது திரும்பி வருகிற நேரத்தை அளந்து, எத்தனையாவது மீட்டரில் அறுந்தது என்று சொல்லுகிற கருவியும் உண்டு.

ஆக, ஒயர் அறுந்த சில விநாடிக்குள் எக்ஸ்சேஞ்சு யந்திரம் அதைத் தெரிந்துகொள்ள முடியும். அதே கம்பெனியின் பேசும் யந்திரம் கடைக்காரரைப் பார்த்துப் பெட்டியை அணைத்துப் போடச் சொல்லுகிறது! ஒரு யந்திரத்துக்குத் தெரிந்ததை இன்னொரு யந்திரத்துக்குச் சொல்லாமல் வைத்தது யார்? விஞ்ஞானம் போதாமையால் நேர்ந்த குறையா இது? இல்லை. இரண்டு யந்திரங்களுக்கும் முதலாளி கொடுத்திருக்கிற வேலை வேறு வேறு. சந்தாதாரர் முன்னால் நிறுத்தப்பட்டிருக்கும் யந்திரம், வாசல் காக்கும் தர்வான். புகார் சொல்ல வந்தவரைக் களைப்படையச் செய்து திருப்பி அனுப்புவது அதன் உத்தியோகம். எத்தனை பேர் மனிதக் குரலைக் கேட்காமலே திரும்பிப் போனார்கள் என்று எண்ணித்தான் இந்த வியாபாரத்தில் அதற்கு மார்க்குப் போடுகிறார்கள். வெறுத்துப்போய் விட்டுவிட்டவரும் அந்தக் கணக்கில் 'தீர்ந்த புகார்' தான்!

தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் (டிராய்) வகுத்த சேவைத் தர விதி ஒன்று உண்டு. வாடிக்கையாளர் ஊழியரோடு பேசக் கேட்டால், 100க்கு 95 அழைப்புகளை 90 விநாடிக்குள் ஊழியர் எடுத்துப் பேச வேண்டும். விதி நல்ல விதிதான். ஆனால் ஊழியரோடு பேசும் பொத்தானையே எட்டாவது படிக்கட்டுக்கு அப்பால் ஒளித்து வைத்துவிட்டால்? அந்தப் பொத்தான் வரை போய்ச் சேர்ந்தவருக்குத்தானே 90 விநாடிக் கணக்கு! சட்டத்தை மீறாமலே சட்டத்தைக் கொல்லுகிற வித்தை இது.

யாருடைய மூளை?

இந்த யந்திர வகையில் மெய்யாகவே கெட்டிக்கார யந்திரங்களும் இருக்கின்றன என்பதை மறைக்க வேண்டியதில்லை. அமெரிக்காவில் 'மிஸ்ட்' என்ற கம்பெனி 'மார்விஸ்' என்னும் பேசும் உதவியாளரை உண்டாக்கிற்று. பெரிய ஆஸ்பத்திரியிலோ காலேஜிலோ நூற்றுக்கணக்கான வைபை கருவிகளையும் ஸ்விட்சுகளையும் பராமரிக்கிற பொறியாளர், 'இந்த மாடியில் ஏன் இன்டர்நெட் மந்தமாக இருக்கிறது?' என்று சாதாரண பாஷையில் கேட்கலாம். கருவிகள் எழுதி வைத்த லட்சக்கணக்கான குறிப்புகளைப் புரட்டி, பழுதான கேபிளா, தப்பான பாஸ்வேர்டா, முகவரி கொடுக்கிற சர்வர் படுத்துவிட்டதா என்று அது சொல்லுகிறது. ஒரு பொறியாளர் அரை நாள் தேடுவதை நிமிஷத்தில் தேடித் தருகிறது. இது பிரயோஜனமான வேலைதான்.

ஆனால் அந்த மூளை எங்கிருந்து வந்தது? ராத்திரி ஷிப்டில் கண் விழித்து, 'இப்படிக் கோளாறு வந்தது, இன்ன காரணம், இப்படிச் சரிசெய்தேன்' என்று ஊழியர்கள் எழுதி வைத்த குறிப்புகள்தான் இத்தகைய யந்திரங்களுக்குப் பள்ளிக்கூடம். சென்னையிலும் பெங்களூரிலும் மணிலாவிலும் உட்கார்ந்து உலகத்தின் கோளாறுகளுக்குப் பதில் சொன்னவர்களின் அனுபவம் அதில் அடங்கிக் கிடக்கிறது. அவர்களுக்கு அதில் பங்கு உண்டா? காலணா இல்லை! அந்த 'மிஸ்ட்' கம்பெனியை 2019இல் ஜூனிப்பர் என்ற கம்பெனி 40 கோடியே 50 லட்சம் டாலருக்கு வாங்கிற்று. 2025 ஜூலை 2ந் தேதி, ஜூனிப்பரையே ஹியூலட் பேக்கார்ட் என்டர்பிரைஸ் கம்பெனி 1,400 கோடி டாலருக்கு, நம் கணக்கில் ஏறத்தாழ 1 லட்சத்து 20 ஆயிரம் கோடி ரூபாய்க்கு, விழுங்கிற்று. ஊழியர்களின் அனுபவம் கைமாறி விலை போகிறது. அனுபவத்துக்கு உடையவனுக்கு மட்டும் 'இனி நீ வேண்டாம்' என்ற கடிதம் வருகிறது.

2025 ஜூலையில் டி.சி.எஸ். கம்பெனி தன் ஊழியர்களில் 100க்கு 2 பேரை, அதாவது சுமார் 12,000 பேரை, வெளியேற்றப் போவதாக அறிவித்தது. யந்திரம் காரணமல்ல, திறமைப் பொருத்தம் இல்லை என்பதே காரணம் என்றது நிர்வாகம். ஆண்டுக்கணக்கில் அந்தத் திறமையை விற்று லாபம் குவித்தபோது பொருத்தம் இருந்தது. இப்போது திடீரென்று பொருத்தம் போய்விட்டதாம்! நம் சுற்றுப்புறக் கிராமங்களில் கடன் வாங்கி இஞ்சினியரிங் படித்துச் சென்னைக்குப் போன பிள்ளைகளின் பெற்றோர்கள் இந்த வார்த்தையை நன்றாகக் கவனிக்க வேண்டும்.

கம்பம் ஏறிய கைகள் எங்கே?

டெலிபோன் சர்க்கார் இலாகாவாக இருந்த காலத்தில், லைன் செத்தால் 198க்குப் போன் செய்வோம். எக்ஸ்சேஞ்சில் ஓர் ஊழியர் எடுப்பார். புகார் நம்பர் தருவார். காக்கிப் பையும் சோதனைப் போனும் மாட்டிக்கொண்டு லைன்மேன் வருவார். தாமதங்கள் இருந்தன, லஞ்சப் புகார்களும் இருந்தன. இல்லை என்று யாரும் சொல்லவில்லை. ஆனால் ஊரில் ஓர் ஆள் இருந்தார். அவர் பேர் ஊருக்குத் தெரியும். ஊரின் கம்பங்களெல்லாம் அவருக்குத் தெரியும்.

2000 அக்டோபர் 1ந் தேதி இலாகாவின் சேவைகள் பி.எஸ்.என்.எல். என்ற கம்பெனியாக்கப்பட்டன. பிறகு நடந்தது என்ன? தனியார் கம்பெனிகள் 2012இலேயே 4ஜி தொடங்கிவிட்டன. 2016 செப்டம்பரில் ஜியோ சந்தைக்கு வந்தது. ஜனங்களின் கம்பெனிக்கோ 4ஜி அலைவரிசை ஒதுக்குகிறோம் என்று 2019 வரை சொல்லாமலே இழுத்தடித்தார்கள், சொன்ன பின்னும் 2020இல் டெண்டரை ரத்து செய்தார்கள், பி.எஸ்.என்.எல். 4ஜியைப் பிரதம மந்திரி நாட்டுக்குத் தொடங்கி வைத்தது 2025 செப்டம்பர் 27ந் தேதி! காலைக் கட்டிவிட்டு ஓட்டப் பந்தயத்தில் விட்டார்கள். தோற்றதும், 'ஆள் அதிகம், அதனால்தான் நஷ்டம்' என்று தீர்ப்புச் சொன்னார்கள்.

அந்தத் தீர்ப்பின் நிறைவேற்றம்தான் 2020 ஜனவரி 31. விருப்ப ஓய்வு என்ற பேரில் அந்த ஒரே நாளில் 78,569 ஊழியர்கள் பி.எஸ்.என்.எல்.லை விட்டு வெளியேறினார்கள். ஏறத்தாழ ஒன்றரை லட்சம் பேரில் பாதிக்கு மேல்! மாதக் கணக்கில் சம்பளம் தாமதமாகிற கம்பெனியில் 'விருப்பம்' என்ற சொல்லுக்கு என்ன அர்த்தம் என்று சம்பளம் வாங்கிப் பிழைக்கிறவர்களுக்குத் தெரியும். அவர்கள் செய்த வேலை மறையவில்லை. காண்ட்ராக்டர் கைக்குப் போயிற்று, கூலி மட்டும் இளைத்துப்போயிற்று.

அரசுக் கம்பெனி இப்படி இளைத்ததால் யாருக்கு லாபம்? 2024 ஜூலை முதல் வாரத்தில் ஜியோ, ஏர்டெல், வோடபோன் ஐடியா ஆகிய மூன்று கம்பெனிகளும் இரண்டே நாளுக்குள் ஒன்றன்பின் ஒன்றாகக் கட்டணத்தை உயர்த்தின. இதற்குப் பேர் போட்டியாம்! கட்டணம் மேலே ஏறுகிறது. புகார் கேட்கிற ஆள் கீழே இறங்குகிறார். நடுவில் நின்று யந்திரம் புன்னகை புரிகிறது.

வெளிநாட்டுப் பாடம்

'உலகமே இந்த வழியில்தான் போகிறது' என்பது அடுத்த கூப்பாடு. உலகம் என்ன கண்டது என்று பார்ப்போம்.

ஸ்வீடன் நாட்டுக் கிளார்னா என்ற கடன் கம்பெனி, தன் பேசும் யந்திரம் 700 ஊழியர்களின் வேலையைச் செய்கிறது என்று 2024 பிப்ரவரியில் தம்பட்டம் அடித்தது. அடுத்த வருஷமே அதன் தலைவர், சிக்கனத்தைப் பார்த்துத் தரத்தைக் கெடுத்துவிட்டோம் என்ற பாணியில் பேசி, மறுபடியும் மனிதர்களைத் தேடத் தொடங்கினார்.

கனடாவில் ஒரு பிரயாணி, குடும்பத்தில் மரணம் நேர்ந்த சமயத்தில், ஏர் கனடா விமானக் கம்பெனியின் பேசும் யந்திரத்திடம் கட்டணச் சலுகை பற்றிக் கேட்டார். டிக்கெட் வாங்கிய பின்னும் மனுச் செய்யலாம் என்றது யந்திரம். நம்பி வாங்கினார், கம்பெனி கையை விரித்தது. வழக்கு வந்தபோது கம்பெனி சொன்ன வாதத்தைக் கேளுங்கள்: அந்த யந்திரம் தனி ஆசாமியாம், அது சொன்னதற்கு அதுவே பொறுப்பாம்! பிரிட்டிஷ் கொலம்பியா மாநிலத் தீர்ப்பாயம் 2024 பிப்ரவரியில் இந்த வாதத்தைத் தூக்கி எறிந்து, பணத்தைக் கொடு என்று உத்தரவிட்டது. வேலையை வாங்க யந்திரம் நம்முடையது, பழியைச் சுமக்க யந்திரம் அந்நியன்! முதலாளியின் நியாயம் எல்லா நாட்டிலும் ஒரே நியாயம்தான்.

அதே கனடாவில், 2022 ஜூலை 8ந் தேதி ராஜர்ஸ் கம்பெனியின் நெட்வொர்க் முழுவதும் சரிந்தது. 1 கோடியே 20 லட்சத்துக்கு மேற்பட்ட சந்தாதாரர்கள் தவித்தார்கள். அவசர உதவி போனும் பலருக்குக் கிடைக்கவில்லை. சரிசெய்ய வேண்டிய ஊழியர்களே ஒருவரோடொருவர் பேச முடியவில்லை. ஏனென்றால் அவர்கள் பேசுவதற்கிருந்ததும் அதே செத்த நெட்வொர்க்! நெட்வொர்க்கில் உயிர் வாழுகிற யந்திரம், நெட்வொர்க் செத்தால் தானும் சாகிறது. டாக்டரும் நோயாளியும் ஒரே கட்டிலில் படுத்தால் மருந்து கொடுப்பது யார்?

இதை அறியக் கனடாவுக்குப் போக வேண்டியதில்லை. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் நம் தென் மாவட்டங்களை மழை புரட்டிப் போட்டது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை. ஸ்ரீவைகுண்டத்தில் ரயில் நின்று நூற்றுக்கணக்கான பிரயாணிகள் சிக்கினார்கள். தூத்துக்குடி மாவட்டத்தில் கரண்டும் செல்போனும் அறுந்து கிடந்தன. எந்தப் பேசும் யந்திரம் அன்று வெள்ளத்தில் இறங்கியது? மின்வாரிய ஊழியர்களும் டெலிபோன் லைன்மேன்களும்தான் கழுத்தளவு பொறுப்பைச் சுமந்து கம்பம் கம்பமாக ஏறினார்கள். அவர்களில் எத்தனை பேர் காண்ட்ராக்ட் கூலிகள் என்று எந்த விளம்பரமும் சொல்லவில்லை.

நாம் யந்திர விரோதிகளா?

'கம்யூனிஸ்டுகள் எந்த யந்திரம் வந்தாலும் எதிர்ப்பார்கள். அன்று கம்ப்யூட்டரை எதிர்த்தார்கள், இன்று இதை எதிர்க்கிறார்கள்' என்று சிலர் ஏளனம் செய்கிறார்கள். 1960களில் எல்.ஐ.சி. ஊழியர்கள் கல்கத்தாவில் கம்ப்யூட்டரை எதிர்த்து நின்றதை இன்றும் குத்திக் காட்டுகிறார்கள். வேலையில்லாத் திண்டாட்டம் தலைவிரித்தாடிய நாட்டில், 'எங்கள் வேலைக்கு என்ன உத்தரவாதம்?' என்று அவர்கள் கேட்டார்கள். அந்தக் கேள்விக்கு அன்றும் நேரான பதில் இல்லை; இன்றும் இல்லை. ஏளனம் பதிலாகுமா?

விசைத்தறி ஊரில் இருக்கிறவர்களுக்கு யந்திரம் என்றால் என்ன என்று யாரும் பாடம் நடத்த வேண்டியதில்லை. தறி வேகமாக ஓடினால் நெசவாளி சீக்கிரம் வீட்டுக்குப் போகலாம் என்பது பொது அறிவு. நடப்பது என்ன? ஒருவர் பார்க்க வேண்டிய தறிகளின் எண்ணிக்கைதான் ஏறுகிறது. குற்றம் தறியின்மேல் இல்லை. தறி யார் கையில் இருக்கிறது என்பதில் இருக்கிறது. பேசும் யந்திரமும் அப்படித்தான். அதை லைன்மேன் கையில் கொடுங்கள்: எந்தக் குழியில் ஒயர் அறுந்தது என்று அது சொல்லட்டும், அவர் நேரே போய் ஒட்டட்டும். அப்போது அது தோழன். லைன்மேனை நீக்கிவிட்டு அவர் இடத்தில் அதை நிறுத்தினால், ஜனங்களுக்கும் தொழிலாளிக்கும் நடுவில் எழுப்பிய சுவர்.

ஆகையால் நாம் கோருவது என்ன?

1. யந்திரத்திடம் சொன்ன புகாரும் புகாரே. பேச்சுத் தொடங்கிய உடனே புகார் நம்பர் தரப்பட வேண்டும். ஒவ்வொரு புகாருக்கும் நம்பர் உண்டு என்ற டிராயின் 2012 விதியை யந்திரத்தைக் காட்டி ஏய்க்கக் கூடாது.

2. மனிதரோடு பேசும் வழி முதல் படியிலேயே, தமிழிலேயே இருக்க வேண்டும்.

3. யந்திரம் சொன்ன சொல்லுக்குக் கம்பெனியே முழுப் பொறுப்பு என்று டிராய் தெளிவாக உத்தரவிட வேண்டும்.

4. லைன் அறுந்தது எக்ஸ்சேஞ்சுக்குத் தெரிந்தவுடன், சந்தாதாரர் கேட்காமலே தகவல் தரவும் வாடகை கழிக்கவும் வேண்டும்.

5. பி.எஸ்.என்.எல். காலியிடங்களை நிரப்ப வேண்டும். காண்ட்ராக்ட் லைன்மேன்களுக்குக் குறைந்தபட்ச ஊதியம், பி.எப்., ஈ.எஸ்.ஐ., விபத்து நஷ்டஈடு ஆகியவை உறுதியாக வேண்டும்.

6. யந்திரத்தின் பேரால் ஆட்குறைப்புக்கு இடம் தரக்கூடாது. ஆட்குறைப்பை உண்டாக்கக்கூடிய யந்திர மாற்றத்துக்கு 21 நாள் நோட்டீஸ் வேண்டும் என்பது 1947ம் வருஷத் தொழில் தகராறு சட்டம் தந்த பாதுகாப்பு. 2025 நவம்பர் 21 முதல் அமுலாக்கிய புதிய தொழிலாளர் தொகுப்புகளின் சந்தடியில் இதை ஏட்டுச் சுரைக்காயாக்க விடக்கூடாது. சங்கத்தோடு பேசிய பிறகே மாற்றம்!

வாசகர்கள் இன்னொன்றையும் அறிய வேண்டும். டெலிபோன் கம்பெனிமீது நுகர்வோர் கோர்ட்டுக்குப் போக முடியாது என்று பல வருஷம் மிரட்டி வைத்திருந்தார்கள். போகலாம் என்று 2022 பிப்ரவரியில் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பளித்துவிட்டது. ஆகவே, யந்திரத்தோடு நடந்த பேச்சை அழிக்காமல் போட்டோ எடுத்து வையுங்கள். லைன் செத்த தேதியையும் வந்த தேதியையும் எழுதி வையுங்கள். தெருவுக்குத் தெரு அவற்றைச் சேர்த்துக் கூட்டு மனுவாகக் கொடுங்கள். தனி ஆளின் புகாரை யந்திரம் விழுங்கிவிடும். ஆயிரம் பேரின் கையெழுத்தை விழுங்க அதற்கு வாய் போதாது.

லைன்மேனுடைய கோரிக்கையும், கால் சென்டரில் கழுத்து வலிக்க உட்கார்ந்திருக்கும் பெண்ணின் கோரிக்கையும், மாதா மாதம் பணம் கட்டிவிட்டுச் சிவப்பு விளக்கைப் பார்த்துக்கொண்டிருக்கும் சந்தாதாரரின் கோரிக்கையும் ஒன்றே. இந்த மூவரையும் ஒருவரையொருவர் பார்க்கவிடாமல் செய்யத்தான் நடுவில் அந்த யந்திரத்தை நிறுத்தியிருக்கிறார்கள். சுவரைச் சுற்றிக்கொண்டு வந்து மூவரும் கைகோத்து நிற்கட்டும்!